போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்: பழைய ஃபிரண்ட் லோடு மெஷின் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

சென்னையிலும் புறநகரிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பழைய ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். வீடு மாறும்போது இருக்கிற மெஷினை எடுத்துப்போவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று குழம்பி நிற்பவர்களும் படிக்கலாம். இந்த மெஷின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாங்கலாம். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். என் கைக்கு வரும் பழைய மெஷின்களில் பல கெட்டுப்போனதற்கு வயது ஒரு காரணமே இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன அந்த அரை நாளில்தான் அவை அடிபட்டிருக்கின்றன. விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தோடு செலவு முடிந்தது என்று நினைத்து, தூக்குவதிலும் பொருத்துவதிலும் சிக்கனம் பிடிக்கிறோம். அங்கேதான் நல்ல மெஷின்கள் காயலான் கடைக்குப் போகின்றன.

முதலில் வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியது. மெஷின் ஓடும் நிலையில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். "வயரைக் கழற்றிட்டோம், நல்லாத்தான் ஓடிச்சு" என்று சொன்னால், மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் பரவாயில்லை, அது ஸ்பிரிங்கின் அசைவு. டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது டிரம்மின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை அலுமினியத் தாங்கி விரிசல் விட்டிருக்கிறது. அடுத்து, டிரம்மைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று மணல் அரைக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் பேரிங்குக்குத் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் கீழ் மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் தேய்த்துக் கழுவலாம். கிழிந்திருந்தால் புது ரப்பரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

சென்னைக்கென்று இன்னொரு சோதனை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தரைத்தளத்து வீடுகளில் எத்தனையோ மெஷின்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில துடைத்து மினுக்கப்பட்டு விற்பனைக்கு வந்துவிடுகின்றன. பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டாரும் தண்ணீர் வெளியேற்றும் பம்ப்பும் அடியில்தான் இருக்கும். அங்கே சேற்றுக்கோடு தெரிந்தாலோ, வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தாலோ, என்ன விலை சொன்னாலும் வேண்டாம். அதே திறப்பில் டிரம்மின் பின்புறச் சக்கரத்தைச் சுற்றி துருக்கோடு வழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வழிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது.

இனி, தூக்குவது. இதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

நீங்கள் பார்க்கும் எஃகு டிரம், வெளித்தொட்டி ஒன்றுக்குள் சுழல்கிறது. அந்த வெளித்தொட்டி மெஷினின் உடம்போடு இறுக்கிப் பூட்டப்பட்டதில்லை. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கீழே ஷாக் அப்சார்பர்கள் அதைத் தாங்குகின்றன. தொட்டியோடு கனமான கான்கிரீட் கட்டிகளையும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். எதற்கு இவ்வளவு ஏற்பாடு? பிழியும் நேரத்தில் டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 48 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் அந்த வேகத்தில், ஒரு கிலோ ஈரத்துணி டிரம் சுவரை ஏறத்தாழ 380 கிலோ எடையின் விசையோடு அழுத்தும். துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் அத்தனை விசையும் ஒரு பக்கமாக இழுக்கும். அதைத் தாங்கி அமைதியாக ஓடத்தான் தொட்டி மிதக்கிற மாதிரி தொங்குகிறது, கான்கிரீட் அதை நிதானப்படுத்துகிறது. பழைய மெஷினானாலும் புதிய மெஷினானாலும் 60, 70 கிலோ கனப்பதற்கு அந்தக் கட்டிகள் முக்கியக் காரணம்.

ஓடும்போது உயிர் காக்கும் இந்த மிதப்பு, வண்டியில் போகும்போது எமன். குட்டி யானை வண்டியில் ஏற்றி நான்கு வேகத்தடை தாண்டினால் போதும். உள்ளே தொட்டி பக்கச் சுவரில் மோதிக்கொண்டே போகும். ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவும், ஷாக் அப்சார்பரின் பின் உடையும், கான்கிரீட் கட்டி பூட்டிய இடத்தில் விரிசல் விடும், வயர் அறுந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. புது வீட்டில் முதல் பிழியலின்போது மெஷின் துள்ளிக் குதித்து அறையின் நடுவுக்கு வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனி மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட்டுகளைப் பின்பக்கத்தில் போட்டு அனுப்புகிறது. டிரான்சிட் போல்ட் என்போம். அவை தொட்டியை உடம்போடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் மெஷினைப் பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றி, ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, போல்ட்டுகளை உங்கள் கையில் கொடுப்பார். அதோடு அவை பரணில் ஒரு கவருக்குள் போகும். அடுத்த பொங்கலுக்குப் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

ஆகவே விற்பவரிடம் விலை பேசும் முன்பே, "டிரான்சிட் போல்ட் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டரிலோ உதிரிபாகக் கடையிலோ விசாரியுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் மேல்மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலான மெஷின்களில் பின்னால் இரண்டு ஸ்க்ரூ எடுத்தால் மூடி வந்துவிடும். தொட்டிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிகளில் ஃபோம் துண்டு, பழைய கம்பளி என்று எதையாவது நாலு பக்கமும் இறுக்கமாகத் திணித்து, தொட்டி அசையாதபடி செய்து மூடுங்கள். போல்ட்டுக்கு இது முழு ஈடாகாது. ஆனால் ஒன்றுமில்லாமல் போவதற்கு ஆயிரம் மடங்கு மேல். போல்ட் போட்டாலும் துணி திணித்தாலும், உள்ளே அது இருக்கிறது என்று மெஷினின் முகப்பில் பெரிதாக ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள். போல்ட்டோடோ திணித்த துணியோடோ ஓட்டிப் பார்ப்பது போல்ட் இல்லாமல் ஏற்றுவதைவிட மோசம்.

ஏற்றும் முன் தண்ணீரை வடியுங்கள். குழாயை மூடி இன்லெட் பைப்பைக் கழற்றுங்கள். முன்புறம் கீழே இருக்கும் ஃபில்டரைத் தட்டு வைத்துத் திறந்தால் மிச்சத் தண்ணீர் வரும். அதோடு காசு, ஹேர்பின், குழந்தையின் ஒற்றைக் காலுறை எல்லாம் வரும். வயரையும் பைப்பையும் சுருட்டிப் பின்னால் கட்டுங்கள். கதவை டேப் போட்டு ஒட்டுங்கள். கதவையோ, சோப்புத் தட்டையோ, மேல் பலகையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடிவிளிம்பில்தான் கை வைக்க வேண்டும். வண்டியில் நிமிர்த்தி நிற்க வைத்துக் கயிறு கட்டுங்கள். இடமில்லை என்று குப்புறப் படுக்கப் போட வேண்டாம்.

இங்கே லோடுமேன்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் கெட்டால் பழி அவர்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் கையில் போல்ட்டை யார் கொடுத்தார்கள்? லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கும் குடியிருப்பில், இரண்டே பேர் 70 கிலோவை மூன்று மாடி தூக்கினால், திருப்பத்தில் எங்காவது கீழே போட்டுத்தான் ஆக வேண்டும். மூன்றாவது ஆளுக்கும் கூலி கொடுத்து, தோள்பட்டை பெல்ட் இருக்கிறதா என்று கேட்டு, மெஷினைத் தூக்கும் முன்பே படிக்கட்டு அளவைப் பார்த்துவிடுங்கள். லிஃப்டுக்கு அனுமதியைச் சங்கத்தில் முதல் நாளே நீங்கள் வாங்கி வைக்க வேண்டும். அவர்களுடைய முதுகும் உங்கள் மெஷினும் பிழைக்க அதுதான் வழி.

புது வீட்டில் முதல் வேலை போல்ட்டைக் கழற்றுவது. ஒரு கவரில் போட்டு, கட்டி, மெஷினின் பின்பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பரணை நம்பாதீர்கள். பிறகு ரசமட்டம் வைத்து நான்கு காலையும் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு விற்கிறார்களே, அதில் ஃபிரண்ட் லோடை ஏற்றாதீர்கள். பிழியும்போது அதிர்வு கூடும். குளியலறையில் தண்ணீர் படும் என்றால் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசிய மேடை நல்லது.

தண்ணீர் வெளியேறும் பைப்பைத் தரைத் துளையில் நேரே போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பைப்பின் வளைவு தரையிலிருந்து 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, பிறகுதான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஏறும் தண்ணீர் ஏற ஏறத் தானே வெளியே போய்க்கொண்டிருக்கும்; மெஷின் நிரம்பாமல் தவிக்கும். பின்பக்கத்தில் பைப்பை உயரத்தில் பிடித்துக்கொள்ள கிளிப் கொடுத்திருப்பார்கள். அதில் மாட்டினாலே போதும்.

அடுத்து மின்சாரம். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்கு வலைத் தகடு போடுங்கள். எலி வயரைக் கடித்து நின்றுபோன மெஷின்களைத் திறக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

பழுது பார்ப்பதற்கு வருகிறேன். எங்கள் தொழிலில் எளிதாகச் சொல்லப்படும் ஒரு தீர்ப்பு இருக்கிறது: "போர்டு போச்சு." மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் போர்டு என்கிறோம். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடிக் குடும்பம் ஒன்று வீடு மாறிய அன்றே மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை என்று காட்ட, முதலில் வந்து பார்த்தவர் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் இன்லெட் பைப்பைக் கழற்றினேன். வால்வின் வாயில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சிறிய சல்லடை இருக்கும். இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். அதில் மாடித் தொட்டியின் மணலும், பிளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் நாரும் அடையாக ஒட்டியிருந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் தண்ணீர் ஏறியது. அந்த வீட்டம்மா வெகுநேரம் அந்தச் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் மாடியில் குடியிருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். தண்ணீர்த் தொட்டி குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால்தான் அதில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டி உங்கள் குழாய்க்கு இரண்டு, மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.2, 0.3 பார்தான். பல மெஷின்களுக்கு அது போதாது. அதற்கு வேண்டியது சிறிய பிரஷர் பம்ப். போர்டைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே எந்த மெக்கானிக் வந்தாலும், போர்டு என்று சொல்வதற்கு முன் இவற்றைப் பார்த்தாரா என்று கேளுங்கள்: இன்லெட் சல்லடை, ஃபில்டர், பம்ப், கதவு லாக், மோட்டாரின் கார்பன் பிரஷ், ஹீட்டர். டிரம் சுற்றவில்லை என்றால், கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தால் அது தேய்ந்திருக்கலாம். குறைந்த செலவில் ஜோடியாக மாற்றிவிடலாம். ஹீட்டர் ஆன் ஆகும் நேரத்தில் வீட்டு ட்ரிப்பர் விழுந்தால் ஹீட்டரில் மின்கசிவு. போர் தண்ணீரில் ஹீட்டர் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டும். மாதம் ஒருமுறை துணி போடாமல், சிட்ரிக் ஆசிட் போட்டுச் சூட்டில் ஓட்டினால் அது கரையும். பிளீச்சிங்கோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு வரும்.

போர்டே போயிருந்தாலும் ரிச்சி தெருவில் ரிலேவும் கெபாசிட்டரும் கிடைக்கின்றன. போர்டைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. பேரிங் விஷயம் அதைவிடத் தெளிவு. பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் 6205, 6206 போன்ற எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. உலகத்தில் யார் செய்தாலும் இதே அளவுதான். அந்த எண்ணைச் சொன்னால் பாரிமுனைப் பக்கம் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயில் சீல் மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும். பொருளின் விலை பெரிதில்லை. தொட்டியை முழுக்க வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். கூலி அதற்குத்தான், அதில் பேரம் பேசாதீர்கள்.

அந்த இடத்தில்தான் பல புது மெஷின்கள் கதவடைக்கின்றன. பழைய மாடல்களில் தொட்டியின் இரண்டு பாதியும் போல்ட் போட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். இப்போது வரும் பலவற்றில் இரண்டையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் போனால் தொட்டி முழுவதையும் மாற்று என்பார்கள். அதன் விலையைக் கேட்டால் புதிதே வாங்கத் தோன்றும். எங்களில் சிலர் தொட்டியை ரம்பத்தால் அறுத்து, பேரிங் மாற்றி, சிலிக்கானும் ஸ்க்ரூவும் போட்டு மூடுகிறோம். ஓடுகிறது. ஆனால் மனிதன் செய்த ஒரு பொருளைத் திறக்க ரம்பம் தேவைப்படுவது சரியா என்று நீங்கள் கேட்க வேண்டும்.

ட்ரையரும் சேர்த்து வாங்குபவர்களுக்கு: ட்ரையரை வாஷர் மேல் அடுக்கலாம், அதற்கான பூட்டுச் சட்டத்தோடு மட்டும். வாஷரை ட்ரையர் மேல் வைக்கவே கூடாது. ஹீட் பம்ப் வகையில் ஃபிரிட்ஜைப் போலக் கம்ப்ரசர் இருக்கிறது. அதனால் நிமிர்த்தியே கொண்டுவந்து, சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு ஓட்டுங்கள். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். காற்றை வெளியே விடும் வகையானால் பின்னால் உள்ள குழாயையும் கழற்றித் தட்டுங்கள். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான கணக்கில் வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2900 ட்ரையர் தீ விபத்துகள் பதிவாயின என்றும், முதல் காரணம் சுத்தம் செய்யாததே என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சொல்கிறது. சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஃபியூஸ் ஒன்று ட்ரையரில் உண்டு. அது அறுந்தால், வயரை நேரே முறுக்கி ஓட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள்.

நிறைவாக, நாம் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் மாடல் ஒன்றின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டுச் சாதனங்களும் அதில் அடக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், பழைய வாஷிங் மெஷினை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் உடைத்து உருக்குவதற்கு முன்னால் ஓட வைக்கும் வழியும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் புதுச்சேரியிலும் வாஷிங் மெஷின் தயாராகிறது. நம் வாசலில் செய்யும் பொருளுக்குப் பத்து ஆண்டுகள் உதிரிபாகம் கேட்பது பேராசை ஆகாது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். புது மெஷின் வாங்கினால், தொட்டியைப் பிரிக்க முடியுமா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கடையில் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பழைய மெஷின் வாங்கினால் போல்ட்டோடு வாங்குங்கள். விற்றால் போல்ட்டோடு விற்றுவிடுங்கள். கெட்டுப்போனால், யாராவது ஒருவர் திறந்து காரணத்தைக் கண்ணால் காட்டும் வரை அதைத் தூக்கி எறியாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக்